கேஸ் ஷீட்டைக் கேட்பது சண்டை இல்லை

"கேஸ் ஷீட்டக் கேட்டா டாக்டர் தப்பா நெனச்சுக்குவாருங்க."

நோயாளிகளின் வீட்டார் என்னிடம் அதிகம் சொன்னது இதைத்தான். கேஸ் ஷீட் என்பது உள்ளே படுத்திருந்த நோயாளிக்கு நடந்ததையெல்லாம் எழுதி ஆஸ்பத்திரி வைத்திருக்கும் முழு பைல். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவரும் சொல்வார், ஐந்து ரோடு பக்கம் சொந்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியும் சொல்வார். படிப்புக்கும் இந்தப் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டால் கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள் என்று அர்த்தமாகிவிட்டது. கேட்கிறவரும் அப்படித்தான் கூசுகிறார், கொடுக்கிறவரும் அப்படித்தான் முகத்தைச் சுருக்குகிறார். நடுவில் நோயாளி அரைகுறைத் தகவலோடு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்கிறார்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேடுகள் பிரிவில், எம்.ஆர்.டி. என்று சொல்வார்கள், பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது அங்கே இல்லை. தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது மஞ்சப்பையோடு வருவார்கள். உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, எது இல்லை என்று பார்த்து, இல்லாததைக் கேட்டு வாங்கக் கடிதம் எழுதித் தருவேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் நிறைய. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் நோயாளியின் மகள், மருமகள், இல்லாவிட்டால் மனைவி. எந்த மாத்திரை எப்போது நின்றது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கும். காகிதத்தில் இருக்காது.

சேலத்தின் இருப்பிடமே இதற்கு ஒரு காரணம். ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர் மட்டுமில்லாமல் தருமபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சிக்காரர்களும் இங்கேதான் வருகிறார்கள். மலையில் இருக்கும் ஒருவருக்கு முதல் சீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதப்படும், அடுத்தது ஏற்காடு அரசு மருத்துவமனையில். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவார். பிறகு யாரோ சொல்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரி, முடியாமல் போனால் கோயம்புத்தூர், வேலூர், சென்னை. ஒவ்வோர் இடத்திலும் அவருக்கு ஒரு புது நம்பர். ஓர் இடத்தில் எழுதியது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போகாது. போகவேண்டும் என்றால் அவர்தான் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் சம்மரிதான் முழு ரிப்போர்ட் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது இரண்டு பக்கம் அல்லது மூன்று பக்கம். உள்ளே தங்கிவிடும் பைல் தடிமனாக இருக்கும். அட்மிஷன் சீட்டு, நாம் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவங்கள், டாக்டர் தினமும் எழுதிய குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், காய்ச்சல், பி.பி. எழுதிய சார்ட், எந்த மருந்து எந்த நேரத்துக்குப் போட்டார்கள் என்ற மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்து டாக்டர் எழுதிய தாள், எல்லா லேப் ரிப்போர்ட்டும் அதில் இருக்கும். நோயாளி வீட்டுக்குப் போனபிறகு அந்த பைல் வார்டிலிருந்து பில்லிங், பில்லிங்கிலிருந்து இன்சூரன்ஸ் டெஸ்க், அங்கிருந்து எங்கள் பிரிவு என்று வரும். நாங்கள் எல்லாத் தாளும் இருக்கிறதா, எல்லாக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்ப்போம். கையெழுத்து விடுபட்டிருந்தால் திரும்ப டாக்டரிடம் போகும். எல்லாம் முடிந்து நோய்க்கு ஒரு கோட் போட்டு ரேக்கில் ஏறும். எங்கள் ரேக்கில் அடுக்குவது ஐ.பி. நம்பரின், அதாவது உள்நோயாளி எண்ணின், கடைசி இரண்டு எண்ணை வைத்து. பெயர் சொல்லிக் கேட்டால் எடுக்க முடியாது. சேலத்தில் ஒரே மாதத்தில் எத்தனை செல்வி, எத்தனை பழனிசாமி அட்மிட் ஆவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஐ.பி. நம்பரும் அட்மிட் ஆன தேதியும் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சம்மரியில் வராமல் போகிற ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். வாழப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு பித்தப்பைக் கல் ஆபரேஷன். மறுநாள் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, பி.பி. இறங்கிவிட்டது. நர்ஸ்கள் ஓடிவந்து மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். நல்ல கவனிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது சம்மரியில் ஆபரேஷன் விவரம் இருந்தது, மாத்திரை விவரம் இருந்தது. ஊசி ஒத்துக்கொள்ளாத விஷயம் இல்லை. பல மாதம் கழித்து வேறு ஊரில் காலில் சீழ் பிடித்து அட்மிட் ஆனார். "ஏதாவது ஊசி ஒத்துக்காதா?" என்று கேட்டார்கள். "ஒண்ணு ஒத்துக்கலீங்க, வெள்ளப் பொடிய கலந்து போட்டாங்க" என்றார் மகள். பொடியைக் கலந்து போடும் ஆன்டிபயாடிக் எத்தனையோ இருக்கிறது. அந்த டாக்டர் எதைத் தவிர்ப்பார்? அந்த ஊசியின் பெயர், போட்ட நேரம், என்ன ஆயிற்று, என்ன செய்தார்கள் எல்லாமே பழைய ஆஸ்பத்திரியின் நர்ஸ் குறிப்பிலும் மருந்து சார்ட்டிலும் எழுதியிருந்தது. மகள் கடிதம் கொடுத்து அந்தப் பக்கங்களின் நகலை வாங்கினார். செஃப்ட்ரியாக்சோன். இப்போது அந்தப் பெயர் அவர் பையின் முதல் தாளில் சிவப்பு மையில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர்களுக்கு நான் வாயால் சொல்வதில்லை. எழுதிக் கொடுத்துவிடுவேன், மறந்துபோகக் கூடாது என்று. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3 என்ற பகுதி இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுக்கு வைத்திருக்கவேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த உதவியாளரோ கேட்டால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை அறிவித்து அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது, அதனால் 2002 விதிதான் இன்றும் கைகொடுக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இதையே சொல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கேட்டால் முடிந்தவரை 24 மணி நேரத்தில் தரச் சொல்கிறது. சாசனம் தனிச் சட்டம் இல்லை, ஆனால் கடிதத்தில் குறிப்பிட்டால் கவனிப்பார்கள். டாக்டரும் ஆஸ்பத்திரியும் நோயாளியிடமிருந்தே அவருடைய காகிதத்தை ரகசியம் என்று சொல்லி மறைக்க முடியாது என்று 1996இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

3 ஆண்டு என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு அழித்துவிட்டோம் என்று சொன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். சில ஆஸ்பத்திரிகள் அதைவிட நீண்டகாலம் வைத்திருக்கும், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. புறநோயாளி விஷயம் இதைவிட மோசம். ஓ.பி. சீட்டு நம் கையிலேயே கொடுக்கப்படுகிறது, அதற்கு நகல் பெரும்பாலும் எங்கும் கிடையாது. அந்தக் கசங்கிய சீட்டைத் தொலைத்தால் அந்த நாளே நோயாளியின் சரித்திரத்திலிருந்து காணாமல் போய்விடும்.

கடிதம் எப்படி எழுதுவது? நீளமாக வேண்டாம். பெறுநர், மருத்துவக் கண்காணிப்பாளர், ஆஸ்பத்திரியின் பெயர். பொருள், உள்நோயாளி ஆவணங்களின் நகல் வேண்டுதல். கீழே நோயாளியின் பெயர், வயது, ஐ.பி. நம்பர், அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி, பார்த்த டாக்டர். அதற்குக் கீழே: "மேல்சிகிச்சைக்காகவும் எங்கள் கைவசம் வைத்துக்கொள்ளவும் முழு கேஸ் ஷீட் நகல், ஆபரேஷன் குறிப்பு, மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, எல்லா ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்களின் சி.டி. ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் செலவைச் செலுத்தச் சம்மதிக்கிறேன். 2002 விதி 1.3.2இன்படி 72 மணி நேரத்துக்குள் வழங்கவும்." நோயாளி கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. வேறொருவர் வாங்கப் போவதானால் "என் மகளிடம் கொடுக்கலாம்" என்று ஒரு வரியும் இருவரின் அடையாள அட்டை நகலும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீல் போட்டுத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த சீல்தான் 72 மணி நேரத்தை ஆரம்பித்து வைக்கிறது.

"மேல்சிகிச்சைக்காக" என்ற சொல்லை நான் எப்போதும் சேர்க்கச் சொல்வேன். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் எம்.ஆர்.டி. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சாதாரண ஊழியர், மேலே கேட்டு அனுமதி வாங்க வேண்டியவர். எதற்கு என்று தெரிந்தால் அவருக்கு மேலே பேசுவது எளிது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். குரலை உயர்த்தி வருகிறவரைவிட, தாளை நீட்டி "எப்பங்க வந்து வாங்கிக்கட்டும்?" என்று கேட்கிறவருக்குத்தான் காகிதம் சீக்கிரம் கிடைக்கும். நகலுக்குப் பணம் கேட்டால் கொடுங்கள், ஜெராக்ஸ் செலவு நியாயமானதே.

இன்னும் நல்ல வழி, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின நாளே கேட்டுவிடுவது. பைல் அப்போது வார்டிலேயே இருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சம்மரியின் வரைவைக் காட்டச் சொல்லி, "ஊசி ஒத்துக்கலன்னு சொன்னீங்களே, அதையும் எழுதிருங்க சார்" என்று சொன்னால் எந்த நல்ல டாக்டரும் மறுக்கமாட்டார். டாக்டர் போகவேண்டாம் என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டுவிட்டு நாமே கிளம்பினாலும் சம்மரி கேட்கும் உரிமை போய்விடாது. பணம் இல்லாமல் பாதியில் கிளம்புகிறவர்கள்தான் இதைக் கேட்கக் கூசுகிறார்கள், அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை.

முதலமைச்சர் காப்பீட்டில் வைத்தியம் பார்த்தவர்களுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்ற அந்தத் திட்டத்தில், "ஒரிஜினல் இன்சூரன்ஸுக்குப் போயிருச்சுங்க" என்ற பதில் வரும். அது உண்மையாகவே இருக்கலாம். நகல் கேளுங்கள், அனுப்புவதற்கு முன் ஸ்கேன் செய்திருப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நோயாளியின் பெயரிலேயே, ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் வரவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். வேறொருவர் தன் பெயரில் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம், அதனால்தான் நோயாளியின் பெயரில் என்கிறேன். தனியார் தரவே மாட்டேன் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர், கடைசியாக நுகர்வோர் ஆணையம் என்று வழிகள் இருக்கின்றன. சீல் போட்ட கடிதத்தைக் காட்டியும் தராத இடங்கள் குறைவு என்பதால் அதைப் பற்றி நீட்டவில்லை.

எதையெல்லாம் குறிப்பாகக் கேட்டு வாங்கவேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும். பெண்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்கு மனசு அதிகம் வலிக்கிறது. "கர்ப்பப்பை எடுத்தாச்சுங்க" என்று சொல்லும் பெண்கள் நம் பக்கம் ஏராளம். முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். "சினைப்பையும் எடுத்தாங்களா, விட்டுட்டாங்களா?" என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். "எல்லாம் எடுத்துட்டதா சொன்னாங்க" என்பார் ஒருவர். "அது தெரியலீங்களே, வீட்டுக்காரருகிட்டதான் பேசினாங்க" என்பார் இன்னொருவர். தன் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பெண்ணுக்கே தெரியாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டு சினைப்பையும் நாற்பதுக்கு முன்பே போய்விட்டால் எலும்பு, இதயம் இரண்டையும் தனியாகக் கவனிக்கவேண்டும். சினைப்பை இருந்தால் பின்னால் வயிற்று ஸ்கேனில் கட்டி தெரியும்போது டாக்டர் யோசிக்கும் வழியே வேறு. கர்ப்பப்பை வாயை விட்டிருந்தால் அதற்கான புற்றுநோய்ச் சோதனையைத் தொடரவேண்டும். இதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில் ஒரு வரியில் இருக்கும். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் ஆகிப் பல நாள் கழித்துத்தான் வரும். யாரும் போய் வாங்குவதில்லை. தையல் பிரிக்கப் போகும் அன்று அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அது சாதாரணம் என்று வந்தாலும் வாங்குங்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதன் ஸ்டிக்கரைக் கேட்கவேண்டும். கம்பெனிப் பெயர், அளவு, லாட் நம்பர் அச்சிட்ட சின்னத் துண்டு அது, பைலில் ஒட்டியிருப்பார்கள். 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தபோது, பில்லில் ஸ்டென்டின் விலையையும் பெயரையும் தனியாகக் காட்டவேண்டும் என்றும் உத்தரவு ஆனது. வைத்த தேதி அதைவிட முக்கியம். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் இரண்டை எத்தனை காலம் சேர்த்துச் சாப்பிடவேண்டும், பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனோ செய்யலாமா என்பதையெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். "போன தீபாவளிக்கு முன்னாடிங்க" என்ற பதில் போதாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கேட்பார்கள்.

கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தவர்களுக்கு ரிப்போர்ட் மட்டும் பத்தாது. அந்தச் சதையை மெழுகில் பதித்த பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் லேபில் இருக்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால் அதைத் திரும்பப் பார்க்கக் கேட்பார்கள். கையோடு கொண்டுபோனால் இரண்டாம் முறை ஊசி குத்தி எடுப்பதைத் தவிர்க்க வாய்ப்புண்டு. ஸ்கேனுக்கும் இதே கதைதான். பிலிம் மட்டும் வாங்காமல் சி.டி. கேளுங்கள், அதில்தான் எல்லாப் படமும் இருக்கும்.

மலைப்பாதையில் விபத்து என்றால் விபத்துப் பதிவேட்டின் நகல் முக்கியம். ஈட்டுத்தொகைக்கு அதுவே அடிப்படை. குழந்தைகளுக்குப் பிறந்தபோது எழுதிய எடை, அழுததா இல்லையா, இன்குபேட்டரில் இருந்ததா என்ற விவரங்களைப் பத்திரமாக வையுங்கள். வளர்ச்சி தாமதமாகி மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலையும்போது அதைத்தான் கேட்பார்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது தனி வேலை. ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாகும் காகிதம், சில வருடத்தில் வெளுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே ஈரம் ஏறும். எக்ஸ்ரே பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சீட்டில் பூஞ்சை பூக்கும். மஞ்சப்பைக்குள்ளே ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போட்டு, பிலிம்களுக்கு நடுவே தாள் வைத்து, அடுப்படிச் சுவரை ஒட்டின உயரமான அலமாரியில் வைக்கச் சொல்வேன். அங்கேதான் ஈரம் குறைவு.

காகிதம் சேர்ந்த பிறகு அதை என்ன செய்வது என்பதற்கு நாகலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவரைச் சொல்லலாம். காபி எஸ்டேட் வேலை. மனைவிக்குச் சர்க்கரை, கூடவே முழங்கால் வலி. வலி மாத்திரையைச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் வாங்கிக்கொடுப்பார். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஓர் இடத்தில் ரத்தம் சோதித்திருக்கிறார்கள், ஒவ்வொரு டாக்டரும் அன்றைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருக்கிறார். நாங்கள் உட்கார்ந்து எல்லாவற்றிலிருந்தும் கிரியாட்டினினை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது, ஏறினால் நல்லதில்லை. 2019இல் 1.1. 2021இல் 1.6. 2023இல் 2.4. மூன்றும் வெவ்வேறு லேப். மூன்று எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்ததும் அண்ணனுக்கே புரிந்தது. "ஏறிக்கிட்டே போகுதுங்களே" என்றார். சிறுநீரக டாக்டர் அந்த ஒரு தாளைத்தான் நெடுநேரம் பார்த்தார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார், சர்க்கரை மாத்திரையை மாற்றினார், டை போட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் முதலில் இதைக் காட்டவேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பார்த்துச் சொல்லும் பி.பி. அளவையும் அண்ணன் இப்போது அதே தாளில் சேர்த்து எழுதுகிறார்.

அந்தத் தாள்தான் நான் எல்லோருக்கும் செய்யச் சொல்வது. ஒரே ஒரு பக்கம். பெயர், வயது, ரத்த வகை. ஒத்துக்கொள்ளாத மருந்து. என்னென்ன நோய், எந்த வருடத்திலிருந்து. என்னென்ன ஆபரேஷன், எங்கே, எந்தத் தேதி. இப்போது சாப்பிடும் மாத்திரைகள், அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரோடு கீழே சிறிதாக இருக்கும் மருந்தின் பெயரும் அளவும். இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று அவரவர் நோய்க்கான எண்கள் தேதியோடு. வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்ற போன் நம்பர். ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். தடித்த பைலை நீட்டினால் புரட்டுவதிலேயே அது தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்தை மேலே வைத்தால் கேள்வி நேராக விஷயத்துக்கு வரும்.

போனில் படம் பிடித்து வைப்பவர்கள் தனி ஆல்பமாக வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அத்தையின் ரிப்போர்ட்டை ஊரே பார்க்க வேண்டியதில்லை, ஹெச்.ஐ.வி., மனநலம், குழந்தையின்மை சம்பந்தப்பட்டதை ஒருவர் பார்த்தாலே ஒரு வாழ்க்கை கெட்டுப்போகும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா எண் என்று ஒன்று இருக்கிறது, ஒருவரின் மருத்துவக் காகிதங்களைக் கம்ப்யூட்டர் வழியாக இணைக்கும் 14 இலக்க எண். அந்தத் திட்டத்தை 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கினார்கள். எடுத்து வைக்கலாம். எண் இருந்தாலே பழைய ரிப்போர்ட்டெல்லாம் அதில் வந்து உட்காராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆஸ்பத்திரியும் லேபும் இணைந்திருக்கவேண்டும், உங்கள் எண்ணோடு அதைச் சேர்த்திருக்கவேண்டும், இன்னொரு டாக்டர் பார்க்க நீங்கள் சம்மதம் கொடுக்கவேண்டும். அதுவரை மஞ்சப்பைக்கு ஓய்வு கிடையாது.

மனநல சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் இந்த உரிமை உண்டு, 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நோயாளிக்கே கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் கருதினால் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம், அப்போதும் மேல்முறையீட்டுக்கு வழி இருப்பதை அவரிடம் சொல்லவேண்டும்.

இறந்தவரின் பைலைக் கேட்கும்போதுதான் இரண்டு பக்கமும் மிகவும் இறுகிப்போகிறது. வாரிசுகளும் அதைக் கேட்கலாம். இறப்பின் காரணத்தை டாக்டர் எழுதும் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் திருத்தமே வந்தது. ஆனாலும் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்பாவின் கேஸ் ஷீட்டைக் கேட்டுப் போனபோது, அவர் மாதக்கணக்கில் வந்துபோன அந்த ஆஸ்பத்திரியில் "ஏம்மா, கேஸ் போடப்போறியா?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. அப்பா ஐம்பது வயதுக்குள் திடீரென்று விழுந்து இறந்தவர். "ஹார்ட் அட்டாக்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெண் தனக்குப் படபடப்பு என்று டாக்டரைப் பார்க்கப் போனபோது அவர், "அப்பாவுக்கு என்ன பிரச்சினைன்னு சரியாத் தெரிஞ்சா நல்லதும்மா" என்றிருக்கிறார். அதற்காகத்தான் கேட்டாள். கடிதத்தில் அதையே எழுதினோம், "எங்கள் குடும்பத்தில் மற்றவர்களின் சிகிச்சைக்காக" என்று. நகல் வந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று இருந்தது, இதயத் தசை தடித்துப்போகும் நோய். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது, அதனால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதித்துப் பார்ப்பார்கள். அவளுக்கு எக்கோ நன்றாக இருந்தது, இருந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். தம்பிக்குத் தடிப்பு இருந்தது. ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். டாக்டர் அந்த வேலையை விடச் சொல்லி மாத்திரை ஆரம்பித்தார். இப்போது அதே ஆலையில் எடைபோடும் இடத்தில் இருக்கிறான், அப்பாவின் எக்கோ நகல் அவன் பைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது.